பழைய வொர்க்ஸ்டேஷன் வாங்கலாமா? விலையைக் கேட்பதற்கு முன் முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வொர்க்ஸ்டேஷன் என்றால் கனமான தொழில்முறை வேலைகளுக்காகச் செய்யப்பட்ட மேசைக் கணினி. நிறுவனங்கள் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டுக் கழித்துவிட்ட எச்பி இசட், டெல் பிரிசிஷன், லெனோவோ திங்க்ஸ்டேஷன் வகைக் கணினிகளைப் பற்றியது இது. வெளியே கனமான இரும்புப் பெட்டி, உள்ளே ஜியான் (இன்டெலின் சர்வர், வொர்க்ஸ்டேஷன் வகை) பிராசசர், நிறைய ரேம், கேட்கும் விலையோ சாதாரண லேப்டாப்பைவிடக் குறைவு. புதிதாக வாங்குகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: விலையிலிருந்து தொடங்குகிறார்கள். விலை பிடித்துப்போன பிறகு மற்ற எல்லாக் கேள்விக்கும் மனமே சாதகமாகப் பதில் சொல்லிவிடும்.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். விலை ஏழாவது படியில்தான் வருகிறது. நீங்கள் பார்த்து வைத்திருப்பவற்றில் பாதி மூன்றாவது படியிலேயே கழிந்துவிடும்.

## 1. என்ன வேலைக்கு என்று முதலில் எழுதுங்கள்

"எல்லாத்துக்கும் வேணும்" என்பது பதில் இல்லை. எந்த மென்பொருள், எவ்வளவு பெரிய ஃபைல், இப்போதுள்ள கணினி எந்த இடத்தில் திணறுகிறது. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். திணறும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் விஷயம் தெரியும். ரேம் நிரம்பி வழிகிறதா, எல்லா கோர்களும் முழுதாக ஓடுகின்றனவா, ஒரே ஒரு கோர் மட்டும் உச்சத்தில் இருந்து மற்றவை சும்மா இருக்கின்றனவா, இல்லை வட்டுதான் இழுக்கிறதா என்று பாருங்கள்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய வொர்க்ஸ்டேஷன் மூன்று விஷயங்களில்தான் பலசாலி: நிறைய ரேம், நிறைய கோர், நிறைய விரிவாக்க ஸ்லாட். ஒற்றைக் கோரின் வேகத்தில் அது கிழம். ஐந்தாறு மெய்நிகர் கணினிகளை ஒரே நேரத்தில் ஓட்டுவது, பெரிய மென்பொருளை கம்பைல் செய்வது, பிராசசரிலேயே ரெண்டர் செய்வது போன்றவை அதற்கு ஏற்ற வேலைகள். பாகம் பாகமாக வரையும் முப்பரிமாண கேட் (CAD, கணினிவழி வடிவமைப்பு) மாடலிங் பெரும்பாலும் ஒரே கோரை நம்பி ஓடுவது. அங்கே இருபது கோர் இருந்தும் பத்தொன்பது வேடிக்கை பார்க்கும்.

வீடியோ எடிட்டிங் தனிக்கதை. ஜியான் இ5 வரிசையில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது, எனவே வீடியோவை வேகமாகக் கையாள உதவும் இன்டெலின் குவிக் சிங்க் வசதியும் கிடையாது. செல்போனில் எடுத்த எச்.265 வீடியோவை டைம்லைனில் இழுத்தால், டீகோட் செய்யும் பாரம் முழுக்க கிராஃபிக்ஸ் கார்டின் மேல் விழும். அந்தக் கார்டும் பழையதாக இருந்தால் பிராசசர் மூச்சு வாங்கும்.

இப்போது பலர் இந்தப் பெட்டிகளைத் தேடுவது ஏஐ மொழி மாடல்களை வீட்டிலேயே ஓட்டுவதற்காக. ரேம் 256 ஜிபி போடலாம் என்றதும் ஆசை வரத்தான் செய்யும். ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். நான்கு சேனல் டிடிஆர்4-2400 ரேமின் உச்ச அலைவரிசை (தரவைக் கடத்தும் வேகம்) நொடிக்கு 76.8 ஜிபி. 40 ஜிபி அளவுள்ள சாதாரண "டென்ஸ்" வகை மாடல் ஒவ்வொரு சொல்துண்டை உருவாக்கும்போதும் தன் எடைகள் (மாடலுக்குள் இருக்கும் எண்கள்) முழுவதையும் ஒரு முறை படிக்க வேண்டும். 76.8-ஐ 40-ஆல் வகுத்தால் நொடிக்கு இரண்டு துண்டுகூட வராது. அதுவும் காகிதக் கணக்குதான், நிஜத்தில் இன்னும் குறையும். மாடல் ரேமில் உட்காரும், சரி. ஆனால் பதில் வருவதற்குள் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். இந்த வேலைக்கு வொர்க்ஸ்டேஷனின் மதிப்பு அதன் ஸ்லாட்டுகளிலும் பவர் சப்ளையிலும் இருக்கிறது. அங்கே நீங்கள் போடப்போகும் கிராஃபிக்ஸ் கார்டுதான் நிஜ முதலீடு.

## 2. அதே பணத்துக்கு வேறு என்ன வரும் என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். பழைய வொர்க்ஸ்டேஷனுக்குப் போட்டி புதிய வொர்க்ஸ்டேஷன் இல்லை. அதைவிட நான்கைந்து ஆண்டு இளையதான, சாதாரண அலுவலகக் கணினிதான் போட்டி.

ஒரு உதாரணம். ஜியான் இ5-2680 வி4: 14 கோர், 28 திரெட், அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், 120 வாட். கோர் ஐ3-12100: வெறும் 4 கோர், 8 திரெட், 60 வாட். எல்லா கோர்களையும் கசக்கும் வேலையில் ஜியான் முந்தும். உலாவி, அலுவலக மென்பொருள், கேட் வடிவமைப்பு, பெரும்பாலான விளையாட்டுகள் என்று வந்தால் ஐ3 வெகு எளிதாக முந்தும். கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு வாங்கியவர், "என்னங்க, பழைய கம்ப்யூட்டரே வேகமா இருந்துச்சு போல" என்று சொல்லும் இடம் இதுதான்.

எனவே முதல் படியில் எழுதிய தாளை எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: என் வேலைக்கு 64 ஜிபிக்கு மேல் ரேமோ, பத்துக்கு மேல் கோரோ, முழு அகல ஸ்லாட் இரண்டுக்கு மேலோ நிஜமாகவே வேண்டுமா? மூன்றுக்கும் இல்லை என்றால் இந்த வழிகாட்டியை இங்கேயே மூடிவிடலாம். உங்களுக்குத் தேவை எட்டாம் தலைமுறை இன்டெல் கோர் அல்லது அதற்கு மேற்பட்ட பிராசசர் உள்ள சாதாரண கணினியும் ஒரு நல்ல எஸ்எஸ்டியும்தான்.

## 3. தலைமுறையைக் கண்டுபிடித்து, அங்கேயே வடிகட்டுங்கள்

விற்பவர் "ஐ7-ஐ விடப் பெரிய ஜியான்" என்பார். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. பெட்டியின் மாடல் எண்ணையும் பிராசசரின் முழுப் பெயரையும் வாங்குங்கள். கடைசியில் வரும் வி2, வி3 போன்ற சின்ன ஒட்டுதான் முக்கியம். அது இல்லாமல் வெறும் "இ5-2670" என்றால் முதல் தலைமுறை என்று அர்த்தம்.

எச்பி இசட்400, இசட்600, இசட்800, டெல் டி3500, டி5500, டி7500. இவற்றில் இருப்பது எக்ஸ்5600 காலத்துப் பிராசசர்கள். ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிட உதவும் ஏவிஎக்ஸ் கட்டளைகள் இவற்றில் கிடையாது. ஏவிஎக்ஸ் இல்லாவிட்டால் பல மென்பொருள்கள் மெதுவாகக்கூட ஓடாது, திறக்கவே திறக்காது. டென்சர்ஃப்ளோ என்ற ஏஐ மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்: 1.6 பதிப்பிலிருந்து அதன் ஆயத்த பைனரிகள் (கம்பைல் செய்து தரப்படும் ஃபைல்கள்) ஏவிஎக்ஸ் கேட்கின்றன. இலவசமாகக் கொடுத்தாலும் மின்சாரச் செலவை நினைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எச்பி இசட்420, இசட்620, இசட்820, டெல் டி3600, டி5600, டி7600, அவற்றின் 3610, 5610, 7610 தம்பிகள், லெனோவோ எஸ்30, டி30. இவை 2012, 2013 காலத்தவை. இ5 முதல் தலைமுறையும் வி2-உம் இவற்றில் வரும், ரேம் டிடிஆர்3. ஏவிஎக்ஸ் உண்டு, ஏவிஎக்ஸ்2 இல்லை. ரெட்ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 10 இவற்றில் ஏறாது, ஏனென்றால் அது குறைந்தபட்சம் ஏவிஎக்ஸ்2 உள்ள பிராசசரைக் கேட்கிறது. மற்ற விநியோகங்களும் மெல்ல அந்தப் பக்கம்தான் நகர்கின்றன. வீட்டு சர்வர், லினக்ஸ் பழகுவது போன்றவற்றுக்கு இன்னும் ஆகும். சம்பாதிக்கும் வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எச்பி இசட்440, இசட்640, இசட்840, டெல் டி5810, டி7810, டி7910, லெனோவோ பி500, பி700, பி900, பி510, பி710, பி910. 2014-இலிருந்து வந்தவை. இ5 வி3, வி4. டிடிஆர்4 ரேம், ஏவிஎக்ஸ்2 உண்டு. என் கணக்கில் யோசிக்கத் தகுந்த முதல் தலைமுறை இதுதான்.

எச்பி இசட்4 ஜி4, இசட்6 ஜி4, இசட்8 ஜி4, டெல் 5820, 7820, 7920, லெனோவோ பி520, பி720, பி920. 2017-இல் வந்த வரிசை. ஜியான் டபிள்யூ, ஜியான் ஸ்கேலபிள். விலை கூடும், ஆனால் விண்டோஸ் 11-க்கு இவைதான் அதிகாரபூர்வமாகப் பொருந்தத் தொடங்கும் இடம். ஜியான் டபிள்யூ-2100 வரிசை மைக்ரோசாஃப்டின் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறது, இ5 வி4 இல்லை.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இ5 எந்திரங்களில் விண்டோஸ் 11-ஐச் சுற்றுவழியில் ஏற்றலாம், பலர் ஏற்றியும் ஓட்டுகிறார்கள். ஆனால் அடுத்த பெரிய அப்டேட் ஏறும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். நீங்கள் விண்டோஸை மட்டும் நம்பி வேலை செய்பவர் என்றால் 2017 வரிசைக்குக் கீழே போகாதீர்கள். லினக்ஸ் என்றால் வி3, வி4 தாராளமாக ஓடும்.

இரண்டு பிராசசர் பெட்டி என்றால் இன்னொன்று: விண்டோஸ் ஹோம் பதிப்பு ஒரு பிராசசரை மட்டுமே எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் புரோ வேண்டும்.

## 4. அதே மாடலுக்குள் ஒளிந்திருக்கும் வேறுபாடுகள்

மாடல் எண் பொருந்திவிட்டது என்று நிம்மதி அடைகிற நேரத்தில்தான் அடி விழும். வெளியே ஒரே பெயர், உள்ளே வேறு பலகை.

எச்பி இசட்420, 620, 820-இல் பூட் பிளாக் தேதி என்று ஒன்று உண்டு. பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) கணினித் தகவல் பக்கத்தில் தெரியும். அது 2011 என்றிருந்தால் அந்த மதர்போர்டு வி2 பிராசசரை ஏற்காது. 2013 என்றால் ஏற்கும். பயாஸ் அப்டேட் போட்டாலும் பூட் பிளாக் மாறாது. "இப்போதைக்கு இது போதும், அப்புறம் 12 கோர் வி2 வாங்கிப் போட்டுக்கலாம்" என்ற திட்டம் இந்த ஒரு வரியில் செத்துப்போகும்.

இசட்620, இசட்640 இரண்டிலும் இரண்டாவது பிராசசர் தனி ரைசர் பலகையில் உட்காரும். ஒற்றைப் பிராசசரோடு விற்கப்படும் பெட்டியில் அந்தப் பலகை இருக்காது. தனியாகத் தேடினால் கிடைக்கும், ஆனால் அதற்குத் தரும் பணத்தையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு பிராசசரோடு வரும் பெட்டியே மலிவாக இருந்திருக்கும்.

இசட்4 ஜி4-இல் இரண்டு வகை: ஒன்று ஜியான் டபிள்யூ-வுக்கு, இன்னொன்று கோர் எக்ஸ் பிராசசருக்கு. ஜியான் பலகை ரிஜிஸ்டர்டு (இடையே பஃபர் சில்லு உள்ள) இசிசி (பிழையைத் தானே திருத்தும்) ரேம் கேட்கும், கோர் எக்ஸ் பலகையில் அது வேலை செய்யாது.

ரேம் வகை பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் தவறுகளில் இதுதான் முதலிடம். சர்வரிலிருந்து கழற்றிய ரேம் மலிவாகக் கிடைக்கும். அவை பெரும்பாலும் ரிஜிஸ்டர்டு வகை. இசட்420 ஏற்பதோ பஃபர் இல்லாத வகையை, அதுவும் உச்சமாக 64 ஜிபி. தெரிந்த ஒருவர் எட்டு ரிஜிஸ்டர்டு ரேம்களை வாங்கி வந்து இசட்420-இல் செருகினார். திரை கறுப்பு. முன்பக்க விளக்கு சிவப்பாக ஐந்து முறை சிமிட்டியது, கூடவே ஐந்து பீப், கொஞ்சம் இடைவெளி, மறுபடியும் ஐந்து. பெட்டி செத்துவிட்டது என்று நினைத்துவிட்டார். அந்தக் காலத்து எச்பி கணினிகளில் ஐந்து சிமிட்டல் என்றால் ரேம் கோளாறு, ஆறு என்றால் கிராஃபிக்ஸ், நான்கு என்றால் மின்வழங்கல். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, ரேம்தான் தவறு.

ரேமின் ஒட்டுத்தாளில் "பிசி3-12800" என்பது போன்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு ஆங்கில எழுத்து இருக்கும். ஆர் என்றால் ரிஜிஸ்டர்டு, இ என்றால் பஃபர் இல்லாத இசிசி, யு என்றால் இசிசி இல்லாதது, எல் என்றால் லோட் ரெடியூஸ்டு. இவற்றைக் கலந்து போட முடியாது. பெட்டியில் இப்போது இருக்கும் ரேமின் ஒட்டுத்தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், முடிந்தது வேலை.

இ5 பிராசசருக்கு நான்கு மெமரி சேனல். 32 ஜிபியை ஒரே துண்டாகப் போட்டால் கால்வாசி அலைவரிசைதான் கிடைக்கும். 8 ஜிபி நான்கு துண்டுகளாகப் போட வேண்டும். இரண்டு பிராசசர் என்றால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் நான்கு. ஒரு பிராசசரின் பக்கம் மட்டும் ரேம் செருகி, மற்றது காலியாகக் கிடக்கும் பெட்டிகளும் விற்பனைக்கு வருகின்றன.

## 5. பவர் சப்ளையும் கிராஃபிக்ஸ் கார்டும்

இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்க வேண்டும். இந்தப் பெட்டிகளில் பவர் சப்ளை பொதுவான ஏடிஎக்ஸ் வகை அல்ல. அளவும் வேறு, இணைப்பான்களும் வேறு. "போதலைன்னா மாத்திக்கலாம்" என்று நினைக்காதீர்கள். வரும்போது என்ன இருக்கிறதோ அதுதான் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே மாடல் பல வாட் அளவுகளில் வந்திருக்கும். இசட்440-க்கு 525 வாட்டும் உண்டு, 700 வாட்டும் உண்டு. டெல் டி5810-க்கு 425, 685, 825. குறைந்த அளவில் வந்த பெட்டிதான் பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கும், காரணம் இதுவே. மொத்த வாட்டைவிட, கிராஃபிக்ஸுக்கு என்று எத்தனை ஆறு முள் அல்லது எட்டு முள் இணைப்பான் வெளியே வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். பிசிஐஇ ஸ்லாட் தருவது 75 வாட், ஆறு முள் இணைப்பான் தர நியமப்படி இன்னொரு 75, எட்டு முள் 150.

கணக்கு எளிது. ஆர்டிஎக்ஸ் ஏ2000 கார்டுக்கு 70 வாட்தான், தனி இணைப்பானே வேண்டாம், எந்தப் பெட்டியிலும் போடலாம். ஆர்டிஎக்ஸ் ஏ4000: 140 வாட், ஒரு ஆறு முள், ஒற்றை ஸ்லாட் உயரம். ஆர்டிஎக்ஸ் 3060: 170 வாட், வழக்கமாக ஒரு எட்டு முள். மாற்றுக் கம்பி போட்டு ஆறு முள் இரண்டை எட்டாக்கலாம், ஆனால் பவர் சப்ளையின் அந்தக் கிளை எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று பக்கத்து ஒட்டுத்தாளில் பார்த்துவிட்டுத்தான். வட்டுகளுக்கான சாட்டா இணைப்பானிலிருந்து கிராஃபிக்ஸுக்கு மாற்றும் கம்பியை மட்டும் தொடாதீர்கள், அது உருகும்.

பெட்டியோடு வரும் பழைய குவாட்ரோ (என்விடியாவின் தொழில்முறை கிராஃபிக்ஸ்) கார்டைச் சொத்தாக எண்ண வேண்டாம். கே2000, கே4000 போன்ற கெப்ளர் கார்டுகளை குடா (என்விடியா கார்டில் கணக்கீடுகளை ஓட்ட உதவும் மென்பொருள்) 11-ஆம் பதிப்பிலேயே கைவிட்டது. எம், பி என்று தொடங்கும் மேக்ஸ்வெல், பாஸ்கல் கார்டுகளை குடா 13 கைவிட்டது. திரையில் படம் காட்ட அவை போதும், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். இன்டெல் ஆர்க் கார்டும் இங்கே சரிப்படாது. அது தன் முழு வேகத்துக்கு ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒன்றாக அணுகுவது) வசதியைக் கேட்கும், இ5 காலத்துப் பயாஸில் அது இல்லை.

## 6. வட்டு

சுருக்கமாக முடித்துவிடலாம். கூட வரும் ஹார்ட் டிஸ்க்கை இல்லாததாகவே கணக்கில் எடுங்கள். புதிய எஸ்எஸ்டி ஒன்றை நீங்களே வாங்கிப் போடப்போகிறீர்கள்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. 2012 வரிசையில் சிப்செட்டின் சாட்டா போர்ட்டுகளில் இரண்டு மட்டுமே நொடிக்கு 6 கிகாபிட், மற்றவை 3. எஸ்எஸ்டியைத் தவறான போர்ட்டில் செருகினால் பாதி வேகம்தான். அடுத்தது, என்விஎம்இ வகை (பிசிஐஇ வழியாக ஓடும் வேகமான) எஸ்எஸ்டியை மலிவான அடாப்டர் கார்டில் வைத்து எல்லாவற்றிலும் பயன்படுத்தலாம், ஆனால் அதிலிருந்து பூட் ஆவது வேறு. இசட்440 புதிய பயாஸோடு பூட் ஆகும். இசட்420 நேரடியாக ஆகாது. அங்கே ஓஎஸ் சாட்டா எஸ்எஸ்டியில், வேலை ஃபைல்கள் என்விஎம்இ-யில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வட்டு மாட்டும் தட்டு இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

## 7. இப்போதுதான் விலை

கேட்கும் விலையை எழுதி, அதன் கீழே இவற்றைச் சேருங்கள்: எஸ்எஸ்டி, தேவையான அளவுக்கு ரேம், கிராஃபிக்ஸ் கார்டு, விண்டோஸ் உரிமம் வேண்டுமென்றால் அது, டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் அல்லது மாற்றி, அனுப்பும் செலவு. இசட்840, டி7910 போன்ற பெரிய பெட்டிகள் 20 கிலோவைத் தொடும், அனுப்பும் செலவைச் சின்னதாக நினைக்காதீர்கள்.

பிறகு மின்சாரம். சும்மா இருக்கும்போதே புதிய சிறு கணினியைவிட 100 வாட் கூடுதலாக இழுக்கும் இரட்டைப் பிராசசர் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 240 யூனிட். வீட்டு சர்வராக ஆண்டு முழுக்க அணைக்காமல் வைத்தால் 876 யூனிட். உங்கள் மின்கட்டணத்தால் பெருக்கி, மூன்று ஆண்டுக்குக் கணக்கிட்டுச் சேருங்கள். எப்போதும் ஓடவேண்டிய சர்வருக்கு இரட்டைப் பிராசசர் பெட்டி எடுப்பவர்கள் பலருக்கு இந்த ஒரு வரியே முடிவைச் சொல்லிவிடும்.

வந்த மொத்தத்தை இரண்டாம் படியில் பார்த்த இளைய கணினியின் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். கிட்டத்தட்ட சமம் என்றால் இளையதை எடுங்கள். பழையதில் பழுதானால் மதர்போர்டும் பவர் சப்ளையும் அதே மாடலுக்கானதாகவே தேட வேண்டியிருக்கும். அந்த அலைச்சலுக்கு ஈடாக விலையில் நல்ல வித்தியாசம் இருந்தே ஆகவேண்டும்.

## 8. போவதற்கு முன் கேட்பதும் எடுத்துக்கொள்வதும்

விற்பவரிடம் கேளுங்கள்: பயாஸ் திரையின் படம், ரேம் ஒட்டுத்தாள், பவர் சப்ளை ஒட்டுத்தாள், பக்கக் கதவைத் திறந்த நிலையில் உள்ளே ஒரு படம், திருப்பிக் கொடுக்க எத்தனை நாள். சீரியல் எண்ணும் வாங்குங்கள். டெல்லில் அதைச் சர்வீஸ் டேக் என்பார்கள். தயாரிப்பாளரின் தளத்தில் அதைப் போட்டால் தொழிற்சாலையிலிருந்து என்ன அமைப்பில் வந்தது என்று தெரிந்துகொள்ளலாம். பயாஸ் படம் கேட்டதற்கு "அதெல்லாம் எதுக்கு, சூப்பரா ஓடுது" என்று பதில் வந்தால், அங்கே கடவுச்சொல் பூட்டு இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: லினக்ஸ் நேரடியாக ஓடும் பென்டிரைவ், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் போட்ட இன்னொரு பென்டிரைவ், டார்ச், ஸ்க்ரூடிரைவர், செருகுமுனையில் மாட்டும் வாட் மீட்டர், டிஸ்ப்ளேபோர்ட் மாற்றி. கடைசியாகச் சொன்னதை மறந்தால் போனது வீண். குவாட்ரோ கார்டுகள் பலவற்றில் எச்டிஎம்ஐ இருக்காது.

## 9. நேரில் சோதிக்கும் வரிசை

பெட்டி குளிர்ந்த நிலையில் இருக்கட்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அணைத்து, கொஞ்ச நேரம் விடச் சொல்லுங்கள். சூடானதும் சரியாகிவிடும் கோளாறுகள் குளிர்த் தொடக்கத்தில்தான் தெரியும்.

மின் இணைப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறங்கள். காற்றை வழிநடத்தும் பிளாஸ்டிக் மூடிகளும் எல்லா விசிறிகளும் இருக்க வேண்டும். தூசு பரவாயில்லை. ஒரு மூடியோ விசிறியோ காணாமல் போயிருந்தால் பரவாயில்லை என்று விடமுடியாது: பிராசசர் சூடாகும், பல மாடல்களில் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் விசிறி எச்சரிக்கை வந்து நிற்கும். கருகிய வாசம், வீங்கிய கெபாசிட்டர், நசுங்கிய கேபிள் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

இப்போது தொடங்குங்கள். அவசரப்படாதீர்கள். நிறைய ரேம் உள்ள பெட்டி முதல் படம் காட்டவே நேரம் எடுக்கும், ரேமைக் கழற்றி மாட்டியிருந்தால் இன்னும் கூடும். இந்த இடைவெளியில் பயந்துபோய் மின்சாரத்தைப் பிடுங்குவது அடிக்கடி நடக்கிறது.

பயாஸுக்குள் போங்கள். எச்பி என்றால் எஃப்10, டெல் எஃப்2, லெனோவோ எஃப்1. கடவுச்சொல் கேட்டால், விற்பவர் அங்கேயே நீக்கித் தரட்டும். முடியவில்லை என்றால் வாங்காதீர்கள். பலகையில் ஜம்பர் மாற்றி நீக்கலாம் என்பார்கள், சிலவற்றில் முடியும், எல்லாவற்றிலும் இல்லை. நிறுவனங்கள் போட்ட அப்சல்யூட் அல்லது கம்ப்யூட்ரேஸ் கண்காணிப்பு செயல்பாட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் முந்தைய உரிமையாளர் விடுவித்ததற்குச் சான்று வேண்டும். ரேம் துண்டு ஒவ்வொன்றும் பட்டியலில் வருகிறதா என்று எண்ணுங்கள். எட்டு செருகியிருந்து ஏழு தெரிந்தால், ரேம் துண்டு போயிருக்கலாம், ஸ்லாட் போயிருக்கலாம், பிராசசர் சாக்கெட்டின் ஒரு முள் வளைந்திருக்கலாம். கடைசியது என்றால் பலகையே செலவு. ரேமை இடம் மாற்றிச் செருகிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். தேதி தவறாக இருந்தால் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது, அது பெரிய விஷயமில்லை.

அடுத்து லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, எல்லா கோர்களுக்கும் அரை மணி நேரம் பாரம் கொடுங்கள். வெப்பநிலை ஏறி ஒரு இடத்தில் நிலைக்க வேண்டும். நிலைக்காமல் 90 டிகிரியைத் தாண்டிக்கொண்டே போனால் பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தொகுதி) நடுவே பூசிய பேஸ்ட் காய்ந்திருக்கலாம், ஹீட்சிங்க் சரியாக உட்காராமல் இருக்கலாம். சரிசெய்யக்கூடியதுதான், ஆனால் விலை பேச அது ஒரு காரணம். விசிறி சத்தம் போடுவது குற்றமில்லை. பெட்டி தானாக அணைந்தால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். பாரம் ஓடும்போது வாட் மீட்டரையும் பாருங்கள், சும்மா இருக்கும்போது எவ்வளவு என்பதையும் குறித்துக்கொண்டால் ஏழாம் படியின் கணக்கு ஊகமாக இல்லாமல் நிஜமாகும்.

கிராஃபிக்ஸ் கார்டின் எல்லாத் துளைகளிலும், யுஎஸ்பி எல்லாவற்றிலும் செருகிப் பாருங்கள். கூடவே வட்டு வந்தால், அது தன் நலத்தைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையில் இடமாற்றப்பட்ட செக்டர், காத்திருக்கும் செக்டர் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

இசிசி ரேம் பற்றி ஒரு நுணுக்கம். ஒற்றை பிட் பிழையை அது தானே திருத்திவிடும், மெம்டெஸ்ட் பச்சையாகவே ஓடி முடியலாம். அதனால் லினக்ஸ் கெர்னல் பதிவில் திருத்தப்பட்ட பிழைகளின் எண்ணிக்கையையும், பயாஸில் நிகழ்வுப் பதிவு இருந்தால் அதையும் பாருங்கள். அங்கே ஒரே ரேம் துண்டின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அதை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

## 10. கொண்டுவந்த முதல் நாட்கள்

இங்கேயும் வரிசை முக்கியம், ஏனென்றால் திருப்பிக் கொடுக்கும் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் எதையும் கழற்றாமல் மெம்டெஸ்ட்டை இரவு முழுக்க ஓட விடுங்கள். விற்பவரின் இடத்தில் 128 ஜிபியை முழுதாகச் சோதிக்க நேரம் இருந்திருக்காது. அடுத்த நாள் உங்கள் நிஜ வேலையைப் போட்டு ஓட்டுங்கள், முதல் படியில் தாளில் எழுதியது எதுவோ அதையே.

அது தாண்டிய பிறகு பயாஸ் அப்டேட். வி3 பிராசசரோடு வந்த இசட்440, டி5810-க்கு வி4 போடப்போகிறீர்கள் என்றால், பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே அப்டேட் செய்துவிட வேண்டும். முதலில் மாற்றிவிட்டால் பெட்டி தொடங்காது, அப்டேட் செய்யவும் வழியிருக்காது. பழைய வட்டைத் துடைத்துவிட்டுப் புதிய எஸ்எஸ்டியில் ஓஎஸ் ஏற்றுங்கள்.

சுத்தம் செய்வதும் பேஸ்ட் மாற்றுவதும் கடைசி. முதல் நாளே ஹீட்சிங்கைக் கழற்றினால், பிறகு கோளாறு என்று போகும்போது "நீங்க திறந்தீங்களே" என்று கேட்பார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கும். கெடு முடியும் தறுவாயில், எல்லாச் சோதனையும் தாண்டியபின் செய்யுங்கள். கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் பாரம் கொடுத்துச் சூடாக்கி, அணைத்து, மின் இணைப்பை எடுத்துவிட்டு, திருகுகளைக் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். காய்ந்த பேஸ்ட் சூட்டில் இளகி, ஹீட்சிங்க் லேசாகத் திருப்பியதும் வந்துவிடும்.